வினையை அறியும் இயந்திரம்

இம்மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கணக் கட்டுரை ஒன்று. யாம் எழுத எடுத்துக்கொண்டதோ கணினியின் காட்சித்திறனைப் பற்றிய பொருள். தமிழாசிரியர்க்கும் கணினிக்கும் யாது தொடர்பு என எம்மிடம் இலக்கணம் பயின்ற பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும், காணொளி ஒன்றிலே தோன்றும் மனிதன் யாது செய்கின்றான் என்பதை இயந்திரம் கண்டு சொல்லும் முறையை ஆராயப் புகுந்தால், அவ்வாராய்ச்சி ஈற்றில் வினைச்சொல்லின் இலக்கணத்திலேயே வந்து சேர்கின்றது. கடந்த இருபதாண்டுகளில் இத்துறையிலே பெரும் பொருளும் உழைப்பும் செலவாகியுள்ளன. அதன் பயன்கள் வீதிகளிலும் விளையாட்டரங்குகளிலும் புகுந்து, இப்பொழுது பள்ளிக்கூட வாயிலிலும் வந்து நிற்கின்றன. ஆகவே குழுவினர் எம்மைப் பொறுத்தருள்வர் என நம்பி விடயத்துக்கு வருகின்றோம்.

பெயர் வேற்றுமையை ஏற்கும். வினை வேற்றுமையை ஏலாது, காலத்தோடு தோன்றும். தொல்காப்பியர் வகுத்த இவ்வேறுபாடு மத்திய வகுப்பு மாணவரும் அறிந்ததே. இதனை ஒரு நிழற்படத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். பசு ஒன்றின் படத்தைக் காட்டினால், அது பசு என்று சொல்வதற்கு அவ்வொரு படமே போதும். வீட்டு வாயிற்படியிலே ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும் மனிதனின் படத்தைக் காட்டி, அவன் என்ன செய்கின்றான் என்று வினாவினால் விடை எளிதன்று. உள்ளே நுழைகின்றானா, வெளியே வருகின்றானா, காலில் தைத்த முள்ளைப் பார்க்க நிற்கின்றானா? முந்திய கணத்துப் படமும் பிந்திய கணத்துப் படமும் உடனிருந்தாலன்றித் துணிந்து சொல்லல் இயலாது.

நன்னூலார் இன்னும் ஒரு படி சென்று, வினைச்சொல்லானது ஆறு பொருள்களை உணர்த்தி நிற்கும் என்றார். 'வனைந்தான்' என்றவளவில் வனைந்தவனாகிய குயவனும், திகிரி முதலாய கருவியும், வனைந்த இடமும், வனைதலாகிய தொழிலும், கழிந்த காலமும், வனையப்பட்ட குடமும் நம் கருத்தில் எழுகின்றன. இவ்வாறனுள் தொழிலே வினையின் உயிர். ஏனையவை அதனைச் சூழ்ந்து நிற்பவை. இவ்வாறையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இவை வேண்டப்படும்.

இனி, இயந்திரத்தின் கண் எத்தகையது என்பதைக் காண்போம். அதற்குக் கண்ணும் இல்லை, காட்சியும் இல்லை, எண்களே உள. சுவீடன் நாட்டு ஸ்ரொக்ஹோம் நகரிலுள்ள அரச தொழினுட்பக் கல்லூரியினர் 2004 ஆம் ஆண்டில் ஒரு காணொளித் தொகுதியை வெளியிட்டனர். இத்துறையின் பாலபாடம் என்று அதனைச் சொல்லலாம். நடத்தல், மெல்லோட்டம், ஓடுதல், குத்துச்சண்டை, கையசைத்தல், கைதட்டல் என்னும் ஆறு தொழில்களை 25 பேர் வெவ்வேறு சூழல்களிற் செய்துகாட்ட, அவை 2,391 சிறு துண்டுகளாகத் தொகுக்கப்பட்டன. அதில் ஒவ்வொரு படமும் குறுக்கே 160 புள்ளிகளும் நெடுக்கே 120 புள்ளிகளும் கொண்டது; ஆகவே ஒரு படத்திலே 19,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எத்துணை வெளிச்சமாக உள்ளது என்பதைக் குறிக்கும் எண் ஒன்று. செக்கனுக்கு 25 படங்கள் என்னும் கணக்கில், நான்கு செக்கன் நீளமுள்ள துண்டிலே 19,20,000 எண்கள் உள்ளன. இவ்வெண் மணலை அள்ளிக் கொட்டி, 'இவர் கை தட்டுகின்றார்' என்னும் ஒரு வாக்கியத்தை அதிலிருந்து எடுத்துத் தருக என்பதே இயந்திரத்துக்கு இடப்பட்ட கட்டளை. தட்டுபவர் வெள்ளைச் சட்டையை மாற்றிக் கறுப்புச் சட்டை அணிந்தால் எண்கள் மாறிவிடும். சூரியனை முகில் மறைத்தால் மாறிவிடும். கமரா சற்றே விலகினாலும் எல்லாம் மாறிவிடும். வினை மட்டும் மாறாது.

நமக்கோ இஃது ஒரு பொருட்டன்று. மனிதக் கண்ணுக்கு இதில் எத்துணை ஆற்றல் உண்டு என்பதைச் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யொஹான்சன் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி மிக அழகாகக் காட்டிற்று. அவர் ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளிலே சிறு ஒளிப்பொட்டுகளைப் பொருத்தி, அவ்வொளிகள் மட்டும் தெரியும்படி இருளிலே படம்பிடித்தார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளே திரையில் தெரியும். படத்தை நிறுத்தி வைத்தால் அப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும் விண்மீன்கள் போலப் பொருளின்றித் தோன்றும். படம் ஓடத் தொடங்கியதும், 'ஒரு மனிதன் நடக்கின்றான்' எனப் பார்ப்பவர் உடனே கூறிவிடுவர். இதற்கு வேண்டிய நேரம் செக்கனின் ஐந்திலொரு பங்கே எனப் பின்னைய சோதனைகள் காட்டின. அஃதாவது ஐந்து படங்கள் ஓடும் நேரம். முகமில்லை, உடையில்லை, இடமில்லை, கருவியில்லை. நன்னூலார் கூறிய ஆறனுள் தொழிலும் காலமும் மட்டுமே எஞ்சியிருந்தும் வினை விளங்கிவிட்டது. அதனினும் வியப்பு, 1977 இல் அமெரிக்காவில் நடந்த சோதனையிலே, இவ்வொளிப்பொட்டுகளின் நடையை மட்டுங் கண்டு தம் நண்பர் இன்னார் என்று பலர் இனங்கண்டமை.

யொஹான்சனுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வழியிற் சென்றவர் ஒருவர் உளர். பிரான்சு தேசத்து உடற்றொழிலியலாளர் எத்தியேன் யூல் மாரே என்பார் 1880களிலே ஒரு மனிதனுக்குத் தலை முதற் கால்வரை கறுப்பு உடை உடுத்தி, கை கால்களின் நெடுகிலும் வெள்ளைக் கோடுகளை இட்டு, கறுப்புத் திரையின் முன் நடக்கவும் ஓடவும் செய்து, ஒரே தகட்டிலே பல கணங்களையும் பதித்தார். கிடைத்தது மனிதனின் படமன்று. விசிறி மடிப்புப்போல் விரிந்த கோடுகளின் படம். வினையைக் காட்ட வேண்டுமாயின் வினைமுதலை மறைக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இம்முறை நம் நாட்டுக்கும் ஒரு காலத்தில் மிகவும் வேண்டியதாயிற்று. 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேண் மைதானத்திலே முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை 'எறிதல்' என்று கூறி நடுவர் ஏழு முறை முறைகேடான பந்தாக அறிவித்ததைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். 'வீசினான்', 'எறிந்தான்' என்னும் இரண்டு வினைகளுள் எது பொருந்தும் என்பதே அன்றைய வழக்கு. பின்னர் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலே அவரது கையின் அசைவுகள் பலமுறை அளந்து ஆராயப்பட்டன. அவரது முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிரமாட்டாதது என்பதும், வளைந்த கை சுழலும்போது அது நிமிர்வது போன்ற மயக்கத்தைக் கண்ணுக்குத் தருகின்றது என்பதும் வெளிப்பட்டன. ஏனைய பந்துவீச்சாளரை அளந்தபோது, நேரான கையினர் எனக் கருதப்பட்டோரிலும் பெரும்பாலோர் சிறிதளவேனும் முழங்கையை நிமிர்த்துகின்றனர் என்பதும் தெரியவந்தது. ஈற்றில் 2005 ஆம் ஆண்டு முதல், முழங்கை 15 பாகை வரை நிமிர்தல் எல்லார்க்கும் ஏற்புடையது என்று விதியே மாற்றப்பட்டது. இது கருவியால் அளத்தலேயன்றி, யாம் இங்கு பேசப்புகுந்த இயந்திரக் கற்றல் அன்று. ஆயினும் இரு வினைகளுக்கிடையே உள்ள எல்லை எங்கே என்பதைக் கருவி தானாகச் சொல்லாது, மனிதர் கூடித்தான் கோடு கீற வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தெரியாது.

கணினிக்கு வினையை உணர்த்த முயன்றோரின் முதல் வழிகள் எளிமையானவை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆரன் பொபிக், ஜேம்ஸ் டேவிஸ் என்னும் இருவர் 2001 இல் விளக்கிய முறையிலே, அசைவு நிகழ்ந்த இடங்கள் ஒரே படத்தில் வெண்மையாகப் பதியும். இப்பொழுது நிகழ்ந்தது பளிச்சென்றும், சற்று முன் நிகழ்ந்தது மங்கியும் தோன்றும். கையை மேலே தூக்கினால், கீழே மங்கி மேலே வெளிறிய ஒரு விசிறி உண்டாகும். இறக்கினால் அதன் மறுதலை. காலத்தை நிறமாக மாற்றிவிட்டார்கள். ஸ்ரொக்ஹோம் ஆய்வாளர் இவான் லப்தேவும் அவர்தம் ஆசிரியரும் 2003 இல் வேறொரு வழியைக் காட்டினர். படம் முழுவதையும் பாராது, அசைவு சட்டென்று திசைமாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்வது அவ்வழி: நடப்பவரின் குதிகால் நிலத்தைத் தொடும் கணம், தட்டும் கைகள் சந்திக்கும் கணம் போன்றவை. இத்தகைய குறிப்புகளைக் கொண்டு, மேற்கூறிய ஆறு தொழில்களையும் நூற்றுக்கு 72 அளவிற் சரியாக இனங்காண முடிந்தது. மிகுதியும் மயங்கியது மெல்லோட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலே. இதற்காக இயந்திரத்தை யாம் குறைகூற மாட்டோம். விளையாட்டுப் போட்டியிலே நடைப்பந்தயத்துக்கு நடுவராக நின்ற எவரும் குறைகூறார்.

2012 ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிசெவ்ஸ்கி, சற்ஸ்கேவர், ஹின்ரன் ஆகியோர் நிழற்படங்களில் உள்ள பொருள்களை இனங்காணும் போட்டியிலே 'நரம்பு வலையமைப்பு' என்னும் கணிப்புமுறையால் ஏனையோரை வெகுதூரம் பின்தள்ளினர். இம்முறையிலே, குதிகாலைக் கவனி, கையைக் கவனி என்று எவரும் இயந்திரத்துக்கு விதி சொல்வதில்லை. பல அடுக்குகளாக அமைந்த கோடிக்கணக்கான எண்கள் முதலில் மனம்போனபடி இடப்பட்டிருக்கும். படம் ஒன்று காட்டப்படும்; இயந்திரம் ஏதோ ஒரு விடையைச் சொல்லும்; சரியான விடையோடு அஃது ஒப்பிடப்படும்; பிழையின் அளவுக்கேற்ப அவ்வெண்கள் யாவும் இம்மியளவு திருத்தப்படும். பின்னர் அடுத்த படம். இவ்வாறு இலட்சக்கணக்கான முறை. மாணவனுக்கு இலக்கணம் கற்பியாது, வினாத்தாளையும் விடைத்தாளையும் மட்டும் ஆயிரமாயிரமாகக் கொடுத்துப் பயிற்றுவதை ஒத்தது இது. பலன் கிடைக்கின்றது என்பதை மறுக்க இயலாது. மாணவன் எதனைக் கற்றுக்கொண்டான் என்பதுதான் கேள்வி.

அக்கேள்விக்கு விடை 2014 இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலே கிடக்கின்றது. ஒக்ஸ்ஃபோட் பல்கலைக்கழகத்தினரான சிமோனியன், சிசர்மன் என்னும் இருவர் இரட்டை வலையமைப்பு ஒன்றை அமைத்தனர். ஒரு வலை தனித்தனி நிழற்படங்களை மட்டும் பார்க்கும். மற்றையது படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் அடுத்த படத்தில் எத்திசையில் எவ்வளவு பெயர்ந்தது என்னும் பெயர்ச்சிக் கணக்கை மட்டும் பார்க்கும். சோதனைக்கு எடுத்தது அமெரிக்காவின் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகம் 2012 இல் யூரியூப்பிலிருந்து தொகுத்த 101 வகை வினைகள். மொத்தம் 13,320 துண்டுகள். பெயர்ச்சியைப் பார்த்த வலை நூற்றுக்கு 83.7 சரியாகச் சொல்லிற்று. இரண்டையும் இணைத்தபோது 88. ஆனால் நிழற்படத்தை மட்டும் பார்த்த வலை தனியே நின்று எவ்வளவு எடுத்தது? நூற்றுக்கு 73.

இந்த 73 ஐ யாம் சிறிது நேரம் நின்று நோக்க வேண்டும். அசைவு எதனையுமே காணாத ஒன்று, நான்கு வினைகளில் ஏறக்குறைய மூன்றைச் சரியாகச் சொல்லிவிட்டது. எவ்வாறு? நீல நிறத் தடாகம் தெரிந்தால் நீந்துதல். பச்சை மேசையும் கோலும் தெரிந்தால் பில்லியட்ஸ் ஆடுதல். நாய் தெரிந்தால் நாயோடு நடத்தல். நன்னூலாரின் ஆறனுள் இடத்தையும் கருவியையும் செயப்படுபொருளையும் பற்றிக்கொண்டு, தொழிலைப் பாராமலே வினையை ஊகித்துவிட்டது. பாலர் வகுப்பில் ஆண்டுதோறும் இதனைக் காணலாம். வாசிப்புப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளை எழுத்துப் பிசகாமல் 'வாசிக்கும்'. பக்கத்திலுள்ள படத்தைக் கையால் மறைத்ததும் வாய் அடைத்துப்போகும். பிள்ளை வாசித்தது எழுத்தையன்று, படத்தை.

அத்தொகுதியின் 101 வினைகளிலே துடுப்பாட்டத்தைச் சேர்ந்தவை இரண்டு உள: பந்துவீசுதல் ஒன்று, துடுப்பால் அடித்தல் மற்றையது. இரண்டுக்கும் ஒரே மைதானம், ஒரே வெள்ளை உடை, ஒரே விக்கெட். இங்கே புல்லின் பசுமையை நம்பி விடை சொல்ல இயலாது. கை என்ன செய்தது என்று பார்த்தேயாக வேண்டும். இவ்வாறான இணைகள் நிறைந்த சோதனையே நேர்மையான சோதனை என்பது எம் துணிபு. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் எவருக்கும் இது தெரிந்த நுட்பந்தான்.

இதனை உணர்ந்தோர் துறைக்குள்ளேயே இருந்தனர் என்பதைச் சொல்லல் முறை. 2017 இல் ஜேர்மனிய நிறுவனம் ஒன்று, எதையாவது திறத்தல், எதையாவது மூடுதல், எதையாவது இடமிருந்து வலமாகத் தள்ளுதல் என்றவாறு 174 வாக்கிய அச்சுகளைப் பொதுமக்களிடம் கொடுத்து, வீட்டிலுள்ள எப்பொருளையேனும் வைத்து நடித்துப் படம்பிடித்து அனுப்பச் செய்து, 1,08,499 துண்டுகளைத் தொகுத்தது. பொருள் கோப்பையாயினும் புத்தகமாயினும் வினை ஒன்றே. ஆகவே பொருளைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. ஒரு படத்தை மட்டும் நோக்கித் திறத்தலையும் மூடுதலையும் பிரித்தறியவும் முடியாது. அப்பட்டியலிலே எம்மை மிகக் கவர்ந்தது, உண்மையிற் திறவாது திறப்பதுபோலப் பாவனை செய்தல் என்னும் வகை. செய்தலுக்கும் செய்வதுபோற் காட்டலுக்கும் உள்ள வேற்றுமையை இயந்திரம் அறியுமா என்பது, கூத்துக்கலையில் ஊறிய நம்மவர்க்குச் சுவையான வினாவன்றோ? 2019 இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சியொன்று இதனை மறுபுறமிருந்து சோதித்தது. கருவியும் களமும் இன்றி வெறுங்கையால் ஊமைக்கூத்தாகச் செய்துகாட்டிய 50 வகை வினைகளை 713 துண்டுகளாகத் தொகுத்து, பெயர்பெற்ற வலையமைப்புகளிடம் காட்டினர். மட்டையில்லாத அடியையும் கோப்பையில்லாத குடியையும் கண்டு அவை பெரிதும் தடுமாறின. நாமோ அவ்வூமைக்கூத்தைக் கண்டு சிரித்து மகிழ்வோம்.

இன்னொரு குறையும் உண்டு. அது மொழியைச் சேர்ந்தது. இலண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனத்தார் 2017 இல் வெளியிட்ட தொகுதியிலே 400 வினைகள், வினையொன்றுக்குக் குறைந்தது 400 துண்டுகள், துண்டொன்றுக்குப் பத்துச் செக்கன். இன்று வழங்கும் வலையமைப்புகளிற் பல இதிலே பயின்றவை. அப்பட்டியலிலே துடுப்பாட்டம் உண்டு. யப்பானியரின் சுஷி செய்தலும், பீற்சா செய்தலும் உண்டு. இடியப்பம் பிழிதல் இல்லை. தேங்காய் துருவுதலும் இல்லை. மரம் ஏறுதல் என ஒன்று உண்டு. காலிலே தளைநார் இட்டு, இடுப்பிலே பாளைக்கத்தியும் முட்டியும் கட்டிப் பனையேறுபவரும், மாமரத்திலே தாவி ஏறும் சிறுவனும் அதனுள் ஒருவரே. அப்பட்டியலுள் அடங்காத செயலைக் காட்டினால் இயந்திரம் 'அறியேன்' என்று சொல்லும் என நினைத்தல் தவறு. இவ்வமைப்புகளுள் பெரும்பாலானவை தம் பட்டியலிலுள்ள பெயர்களுக்கிடையே நிகழ்தகவைப் பங்கிட்டு, மிகுதியாக எது வந்ததோ அதனையே விடையாகத் தருவன. இடியப்ப உரலைப் பிடித்து அழுத்தும் தாயைக் கண்டு, நானூறனுள் ஏதோ ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லிவிடும்.

சூழலால் வரும் மயக்கத்தை நீக்குதற்கு யொஹான்சனின் ஒளிப்பொட்டுகளை மீண்டும் நாடியவர் பலர். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2010 இல் விற்பனைக்கு விட்ட விளையாட்டுக் கருவியொன்று, மனிதனின் மூட்டுகள் வெளியில் எங்கெங்கு உள்ளன என்பதைத் தானே கணித்தது. 2017 அளவில், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் சாதாரணக் கமராவின் படத்திலிருந்தே ஒரே வேளையிற் பலருடைய மூட்டுகளையும் குறித்துக் காட்டினர். மாரேயின் கறுப்பு உடை இனி வேண்டியதில்லை; கணினியே ஆளை நீக்கி எலும்புக்கூட்டின் கோட்டை எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் நன்யாங் தொழினுட்பப் பல்கலைக்கழகம் 2016 இல் இவ்வகையாக 60 வினைகளை 56,880 துண்டுகளாகத் தொகுத்தது. தனித்திருக்கும் முதியவர் நிலத்தில் விழுந்தால் உறவினர்க்கு அறிவித்தல், கைகால் வழங்காதவர் பயிற்சியைச் சரியாகச் செய்கின்றாரா எனப் பார்த்தல் போன்ற நற்பயன்களுக்கு இது பெரிதும் ஏற்றது. முகம் பதியாதபடியால் மானமும் ஓரளவு காக்கப்படும். ஆயினும் சூழலை நீக்கியதற்கு ஒரு விலை உண்டு. அவ்வறுபதிலே, வாசித்தல், எழுதுதல், தட்டச்சடித்தல், கைத்தொலைபேசியை நோண்டுதல் ஆகியன இம்முறைக்கு மிகக் கடினமானவை. நான்கிலும் தலை குனிந்திருக்கும். கைகள் மார்புக்கு முன் இருக்கும். விரல்கள் மட்டுமே சிறிது அசையும். நால்வரையும் கோடுகளாக்கினால் ஒருவரே போல் இருப்பர். கருவியைப் பார்த்தால் இடறுகின்றது, பாராவிட்டாலும் இடறுகின்றது.

விழுதலைப் பற்றிச் சொன்னோம். பரிஸ் மாநகரில் 2024 இல் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவை முன்னிட்டு, 2023 மே மாதத்திலே பிரான்சு ஒரு சட்டம் இயற்றிற்று. முகத்தை இனங்காணலாகாது என்னும் தடையோடு, கூட்டநெரிசல், தடைசெய்த இடத்தில் நுழைதல், கைவிடப்பட்ட பொதி, ஆள் விழுதல் முதலியவற்றைக் கமராவின் வழியே கணினி கண்டு எச்சரிப்பதை 2025 மார்ச் 31 வரை பரீட்சார்த்தமாக அனுமதித்தது அது. பின்னர் வந்த மதிப்பீட்டறிக்கையிலே, இடம்புகுதல் போன்றவை நன்கு பிடிபட்டன என்றும், விழுந்த ஆளையும் கைவிட்ட பொதியையும் காண்பதிற் கருவிகள் நம்பத்தக்க அளவிற்கு வரவில்லை என்றும் கூறப்பட்டது. கோட்டைத் தாண்டினானா என்பது இடத்தைப் பற்றிய கேள்வி; விழுந்தானா, களைத்து நிலத்தில் அமர்ந்தானா என்பது வினையைப் பற்றிய கேள்வி. இயந்திரம் எங்கே தடுக்கி விழுகின்றது என்பதை வாசகர் இதற்குள் தாமே ஊகித்திருப்பர்.

இனி, எம் உள்ளத்தை மிகவும் வருத்துவதற்கு வருகின்றோம். 2018 ஆம் ஆண்டிலே சீன தேசத்து ஹாங்சூ நகரின் உயர்நிலைப் பள்ளியொன்றில் வகுப்பறைக் கமராக்களோடு இத்தகைய கருவி பொருத்தப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. 30 செக்கனுக்கு ஒருமுறை அது வகுப்பை நோக்கும். ஒவ்வொரு மாணவரும் வாசித்தல், எழுதுதல், கேட்டல், எழுந்து நிற்றல், கையுயர்த்தல், மேசைமேற் சாய்தல் என்னும் ஆறனுள் எதனைச் செய்கின்றார் என்று பதியும். முகக்குறிகளையும் சேர்த்துக் கணக்கெடுக்கும்.

முப்பது செக்கனுக்கு ஒருமுறை எனின், இடையில் நிகழ்ந்தது யாது? காலத்தை நறுக்கிவிட்டால் வினை நழுவிவிடும் என்பதைத்தான் இதுவரை எழுதினோம். வாசித்தலையும் எழுதுதலையும் பிரித்தறிதல் எத்துணைக் கடினம் என்பதையும் கண்டோம். இவையிரண்டையும் விட்டுவிடுவோம். 'கேட்டல்' என்று ஒரு வினை அப்பட்டியலில் உள்ளதே, அதனைக் கமரா எவ்வாறு காணும்? எழுந்து நிற்றல் உடம்பின் தொழில். கேட்டல் உள்ளத்தின் தொழில். இயந்திரம் காணக்கூடியது, தலை கரும்பலகையை நோக்கி நிமிர்ந்திருத்தல் ஒன்றையே; அதற்குக் கேட்டல் என்று பெயர் சூட்டியவர் மனிதர். யன்னலூடாக வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்து, வினாவியவுடன் பிழையின்றி விடையிறுத்த மாணவரை யாம் ஆண்டுதோறும் கண்டுள்ளோம். கண்ணிமையாது எம்மையே நோக்கியிருந்து ஒரு சொல்லும் கேளாதவரையும் கண்டுள்ளோம். முன்னவருக்குக் குறைந்த புள்ளியும் பின்னவருக்கு நிறைந்த புள்ளியும் அக்கருவி இடும். மேசைமேற் சாய்ந்த பிள்ளை காலையுணவின்றி வந்திருக்கலாம், இரவெல்லாம் நோயாளித் தாயின் அருகிருந்து விழித்திருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். சாய்தல் என்பது கமரா கண்ட வினை. அதன் காரணம் அருகிற் சென்று தோளைத் தொட்டு, 'என்ன தம்பி?' என்று கேட்பவருக்கே வெளிப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம், மருத்துவமும் பாதுகாப்பும் பற்றிய தேவைகளுக்கன்றி, பள்ளிகளிலும் தொழிற்றலங்களிலும் மனிதரின் உணர்ச்சிகளைக் கணினியால் ஊகித்தலைத் தடைசெய்துள்ளது. அத்தடை 2025 பெப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. பரீட்சை மண்டபத்திலே மாணவரின் விதிமீறலைக் கண்டுபிடிக்கும் அமைப்புகளை உயர்ந்த இடர் உடையன என்னும் வகையிலே சேர்த்துள்ளது. சட்டத்தை ஆக்கியோர், உணர்ச்சி வேறு செயல் வேறு என்று பிரித்துக்கொண்டனர். உள்ளத்தின் செயல்களை எப்பக்கத்திற் சேர்ப்பது என்னும் சிக்கல் அங்கும் எஞ்சியே நிற்கின்றது.

கமராக்கள் பொருத்திக் கொடுத்தல் இப்பொழுது பழைய மாணவர் தத்தம் கல்லூரிகளுக்குச் செய்யும் நன்கொடைகளுள் ஒன்றாகியுள்ளது. களவைத் தடுக்கவும் வாயிலைக் காக்கவும் அது வேண்டியதே. ஆனால் அக்கமராக்களோடு, மாணவரின் நடத்தையைத் தானே கணித்து அறிக்கை தரும் என்று சொல்லிக் கூடுதலாக ஒன்றை விற்பவரும் வருவர். வந்தால், சங்கத்தார் அவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். உமது பட்டியலில் உள்ள வினைகள் எத்தனை, அவற்றை வகுத்தவர் யார்? எந்நாட்டுப் பிள்ளைகளை, எவ்வகை வகுப்பறையில் பார்த்து இது பயின்றது? மேசையையும் புத்தகத்தையும் மறைத்தால் எத்தனை விடை சரியாக வரும்? பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டால் 'அறியேன்' என்று சொல்லுமா? பிழையாகப் பதியப்பட்ட பிள்ளை யாரிடம் முறையிடுவது? கேட்டலை எவ்வடையாளத்தால் அறிகின்றீர்? சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை 'எழுந்து நிற்றல்' என்னும் கட்டத்திலே புள்ளி பெறுவது எங்ஙனம்?